கண்ணாடி இலை

கோயம்புத்தூர்
12-9-1946

ரஞ்சிதத்துக்கு,

நான் சௌக்கியம். உன் சௌக்கியத்தை நீ எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். கோபத்தில் இருக்கும்போது உனக்கு உடம்புக்கு ஒன்றும் வராது.

அரக்கோணம் ஸ்டேஷனில் ரயில் நகர்ந்த பிறகும் நீ என் பக்கம் பார்க்கவில்லை. பரவாயில்லை, பந்தயம் பந்தயம்தான். தை மாதம் வந்ததும் மறந்துபோயிற்று என்று நீ சொல்லக்கூடாது என்பதற்காக எழுத்தில் போடுகிறேன். இந்தச் சம்பாவில் ஏரிக்கரை ஒன்றரைக் காணியும் இருபது மூட்டை நெல் கொடுத்தால் நிலம் உன் கையில். நீ கண்டிகையிலேயே இருந்து பயிர் செய்யலாம், நான் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டேன். ஒரு மரக்கால் குறைந்தாலும் நிலத்தை என் சித்தப்பா மகன் கஜபதிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து சேர வேண்டும். போன வருஷம் உனக்கு விளைந்தது பதினேழு. அதற்கு முந்தின வருஷம் பதினாறு. அதனால் இப்போதே ஒரு பாய் அதிகமாக வாங்கி வைத்துவிட்டேன்.

இங்கே எனக்கு வேலை மாறியிருக்கிறது. இரண்டு வருஷமாகச் சர்க்கார் விவசாயப் பண்ணையில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன் அல்லவா? இப்போது ஆபீசர் என்னை இலை அளக்க வைத்திருக்கிறார். சிரிக்காதே. நெல் இலையைக் கட்டம் போட்ட காகிதத்தில் வைத்து, பென்சிலால் ஓரம் வரைந்து, உள்ளே எத்தனை கட்டம் என்று எண்ண வேண்டும். கண் வலித்தது. பிறகு அவரே சுருக்கு வழி சொல்லிக்கொடுத்தார். நீளத்தை அகலத்தால் பெருக்கி அதில் முக்கால் எடுத்துக்கொண்டால் இலையின் பரப்பு வந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு இருநூறு இலை அளக்கிறேன்.

இது எதற்கு என்று கேட்பாய். வேர் கொண்டுவருவதை வெயிலில் வைத்துச் சமைப்பது இலை. பயிருக்கு அடுப்படியே அதுதான். அடுப்படி எவ்வளவு பெரிதோ அவ்வளவு சோறு. வயலில் இலை எவ்வளவு என்று தெரிந்தால் நெல் எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். உன் வயலைப் பார்க்காமலே நான் சொல்வது பதினெட்டு.

பாய் கோரைப் பாய். நன்றாக இருக்கிறது.

கோதண்டம்


கே.ஜி.கண்டிகை
29-9-1946

பாவாவுக்கு,

ஸ்டேஷனில் கண்ணில் கரி விழுந்து துடைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு நீங்கள் வேறு அர்த்தம் வைத்துக்கொண்டு பாய் வாங்கியிருக்கிறீர்கள். வாங்கியது வீணாக வேண்டாம், இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து நீங்களே படுங்கள். முதுகுக்கு மெத்தென்று இருக்கும்.

என்னைக் கட்டிய அத்தை மகன் கோயம்புத்தூரில் உட்கார்ந்து இலை எண்ணுகிறார் என்று இங்கே யாரிடமும் சொல்லவில்லை. முனியனிடம் மட்டும் சொன்னேன். அவன் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு, "அதுக்குக் கூலி குடுக்கறாங்களாம்மா?" என்றான்.

பதினெட்டு என்று கணக்குப் போட்டீர்களே, உங்களுக்குத் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. சித்திரையில் ஏரி வற்றியபோது நாற்பது வண்டி வண்டல் அடித்தேன், அது தெரியும். நீங்கள் ரயில் ஏறிய மறுநாள் இரண்டு மூட்டை கடலைப் புண்ணாக்கை நொறுக்கி வயலில் தூவினேன், அது தெரியாது. நட்டபோதே புங்கந்தழை மிதித்துப் போட்டிருந்தேன். இப்போது வரப்பில் நின்று பாருங்கள், பச்சை கறுத்துப்போய் நிற்கிறது. நடவுக்கு வந்த தாயம்மாள் நேற்று அந்த வழியே போனவள், "இன்னா ரஞ்சிதம், நெல்லு நட்டியா கரும்பு நட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கஜபதிக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து வயல்தானே, என்னைப் பார்த்து அவனும் புண்ணாக்குப் போட்டான். எனக்கு இரண்டு மூட்டை என்றால் அவனுக்கு நாலு.

இது வரை எழுதியது பெருமைக்கு. இனி எழுதுவது எழுதப் பிடிக்காமல் எழுதுவது.

பயிர் அளவுக்கு மேல் கொழுத்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. இலை ஒன்றின் மேல் ஒன்று சரிந்து கிடக்கிறது. குத்துக்கு நடுவே கையை விட்டால் அடியில் ஒரே இருட்டு, உச்சி வெயிலிலும் சில்லென்று இருக்கிறது. அடி இலை வெளுத்து வருகிறது. எங்கள் நைனா இருந்த காலத்தில் பயிர் இப்படிக் கொழுத்தால் தாளுக்குள் கதிர் பொதி கட்டுவதற்கு முன்னே நுனியைச் சாணளவு அறுத்து மாட்டுக்குப் போட்டுவிடுவார். நான் சின்னவள், பார்த்ததோடு சரி. எந்த நாளில் அறுத்தார், எவ்வளவு விட்டார் என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஒன்றரைக் காணியையும் அறுத்துவிட்டுப் பிறகு தவறு என்று தெரிந்தால் ஒட்டவைக்க முடியாது.

நீங்கள் இலையோடு இலையாக இருக்கிறவர். அறுக்கலாமா கூடாதா? பந்தயத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பதில் எழுதுங்கள். பத்தாம் தேதிக்குள் வர வேண்டும்.

ரஞ்சிதம்


கோயம்புத்தூர்
4-10-1946

ரஞ்சிதத்துக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. உடனே எழுதுகிறேன்.

அறுக்காதே. அறுக்கவே அறுக்காதே. இலைதான் அடுப்படி என்று எழுதினேன், அதற்குள் மறந்துவிட்டாயா? நன்றாக எரிகிற அடுப்பை இடித்துவிட்டுச் சோறு பொங்கவில்லை என்று உட்காருவார்களா? இலை அதிகமாக இருப்பது பயிருக்குப் பலம். கறுத்து நிற்பது இன்னும் பலம். அடி இலை வெளுப்பது எல்லா வயலிலும் உள்ளதுதான், அதற்கெல்லாம் கவலைப்படக் கூடாது. மாமாவுக்கு அந்தக் காலத்தில் தெரிந்தது அவ்வளவுதான். அவர் மாட்டுக்காக அறுத்தார், பயிருக்காக அறுக்கவில்லை.

நான் ஆயிரக்கணக்கில் அளந்திருக்கிறேன். என் பேச்சைக் கேள். ஒரு இலைகூடத் தொடாதே.

இங்கே நல்ல தண்ணீர். குடித்துப் பார்த்தால் நீயே சொல்வாய். அறைக்கு வெளியே ஒரு முருங்கை மரம் இருக்கிறது. ஓட்டல் சாப்பாடு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

கோதண்டம்


கே.ஜி.கண்டிகை
13-10-1946

பாவாவுக்கு,

அறுத்துவிட்டேன்.

உங்கள் கடிதம் எட்டாம் தேதி வந்தது. மூன்று தடவை படித்தேன். பிறகு முனியனைக் கூப்பிட்டு அவனுக்கும் படித்துக் காட்டினேன். அவன் வயல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு, "அய்யா படிச்சவரு, அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா அவரு இந்தப் பயிரப் பாக்கலியேம்மா" என்றான். எனக்கும் அதுவேதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வயலில் இறங்கினேன். குத்தைப் பிரித்துப் பார்த்தேன். வெளுத்த இலை இரண்டு நாளில் இன்னும் ஒரு கணு மேலே ஏறியிருந்தது. பயிரின் தாளைப் பிடித்தால் மெலிந்து, நீண்டு, விரலுக்குள் வளைகிறது. பலம் என்று எழுதியிருந்தீர்களே, இந்தப் பலத்தை ஊதினால் விழுந்துவிடும். அடுப்பு அடுப்பு என்று சொல்கிறீர்கள். ஒரே அறைக்குள் பத்து அடுப்பை மூட்டினால் சோறு வருமா, புகை வருமா? இதைக் கேட்கக் கட்டம் போட்ட காகிதம் எதற்கு?

ஒரு தாளைப் பிளந்து பார்த்தேன். உள்ளே கதிர்ப் பொதிக்கு இன்னும் அடையாளம் இல்லை. அப்போது துணிந்தேன். பத்தாம் தேதி காலையில் மலைக்கோயில் மணி அடிக்கும்போது ஆரம்பித்தோம். நான், முனியன், தாயம்மாள், இன்னும் நாலு பெண்கள். இளங்குருத்தில் அரிவாள் படாமல், சரிந்து தொங்குகிற நுனி மட்டும் சாணளவு. இரண்டு நாள் ஆயிற்று. மாடு இரண்டும் கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி தின்றன.

கஜபதி வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தான். "இன்னாங்க அண்ணி, பயிருக்கு மொட்டை அடிச்சிகினு கீறீங்க? அதான் மலை மேல நாவிதருங்க உக்காந்துகினு கீறாங்களே, அங்க இட்டுகினு போவறதுதானே?" என்றான். அறுக்க வந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அவன் போன பிறகுதான் சிரித்தேன்.

அறுத்து முடித்த இரண்டே நாளில் வயலுக்குள் வெயில் இறங்கிவிட்டது. இப்போது குனிந்து பார்த்தால் தண்ணீர் மின்னுவது தெரிகிறது. தாள் கெட்டிப்படுகிறது. நீங்கள் எப்படித் தவறிப்போனீர்கள் என்றுதான் புரியவில்லை. உங்கள் மேல் கோபம் இல்லை. பார்க்காமல் சொன்னால் யாருக்கும் தவறும்.

கார்த்திகையில் மறுபடி ஒரு அறுப்பு போடலாம் என்று இருக்கிறேன். இப்போதே ருசி கண்டுவிட்டேன். மாட்டுக்கும் ஆயிற்று, பயிருக்கும் ஆயிற்று.

ரஞ்சிதம்


கோயம்புத்தூர்
27-10-1946

ரஞ்சிதத்துக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. எழுதி எழுதிக் கிழித்தேன். கடைசியில் கிழிக்க முடியாதபடி ஆபீஸ் காகிதத்தில் எழுதுகிறேன், எண்ணிக் கொடுக்கிற காகிதம்.

நீ அறுத்தது சரி. அது சரி என்று அக்டோபர் நாலாம் தேதியே எனக்குத் தெரியும்.

போன வருஷம் இங்கே ஐந்து துண்டு நிலத்தில் எருவைக் கூட்டிக் குறைத்துப் போட்டார்கள். அதன் ஏட்டை நான்தான் படி எடுத்தேன். ஒரு வயலின் இலையை எல்லாம் பறித்துத் தரையில் விரித்தால், அந்த வயலையே நாலு தடவை மூடும் என்கிற அளவு வரைக்கும் நெல் ஏறிக்கொண்டே போகிறது. ஏழு தடவை மூடும் அளவுக்கு இலை வந்தபோது நெல் இறங்கிவிட்டது. அடி இலைக்கு வெயில் கிடையாது. அது சமைப்பதில்லை, மேல் இலை சமைத்ததை உட்கார்ந்து தின்கிறது. தாள் வெயிலைத் தேடி நீண்டு மெலிந்து ஒரு மழைக்குப் படுத்துவிடுகிறது. நீ குத்துக்குள் கையை விட்டு இருட்டு என்று எழுதினாயே, அதையேதான் நாங்கள் ஏழு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

உன் கடிதத்தைப் படித்ததும் நுனியை அறுக்கச் சொல்ல வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். அறுத்தால் இருபது மூட்டை வந்துவிடும் என்று தோன்றியது. இருபது வந்தால் நீ வரமாட்டாய். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நாம் சேர்ந்தாற்போல் இருந்தது ஏழு மாதம். அதை எண்ணிப் பார்த்தேன். அறுக்காதே என்று எழுதிவிட்டேன். நீ தோற்க வேண்டும் என்றே எழுதினேன், ரஞ்சிதம். தவறிப்போகவில்லை. மாமாவைப் பற்றி எழுதியதும் பொய். நீ 'கோபம் இல்லை' என்று எழுதியிருந்தாய். அந்த வரிதான் என்னைப் பத்து நாள் தூங்கவிடவில்லை.

இப்போது எழுதப்போவது நிஜம். நீ நம்புவாயா என்று தெரியவில்லை. இதை மட்டும் எழுதி மற்றதை மறைத்தால் போன தடவை மாதிரி நீ கேட்காமல் அறுப்பாய். எல்லாவற்றையும் சொன்னால் பொய்யன் பேச்சு என்று அறுப்பாய். எந்தப் பக்கம் போனாலும் அடி எனக்குத்தான், அதனால் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்.

இரண்டாம் தடவை அறுக்காதே. கதிருக்கு முன்னால் கடைசியாக ஒரு இலை வரும். மற்றவை மாதிரித் தொங்காமல் நேராக நிற்கும், ஊரில் கண்ணாடி இலை என்பார்களே, அதுதான். நீ முன்பு அறுத்த இலைகள் தாளை வளர்த்தவை, போனால் வேறு வரும். இதற்குப் பின்னால் வேறு இலை கிடையாது. நெல்லில் பால் ஏறுவது பாதிக்கு மேல் இந்த இலையாலும் இதற்கு அடுத்த இலையாலும்தான். நானே நாற்பது குத்தில் அதைக் கிள்ளிவிட்டு எடை பார்த்தேன். பாதிக்குப் பாதி பதர்.

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. அந்த இலையைத் தொடாதே.

கோதண்டம்


கே.ஜி.கண்டிகை
9-11-1946

பாவாவுக்கு,

கஜபதி எனக்கு எதிராக நின்றால் எனக்குப் புரிகிறது. அவனுக்கு நிலம் வேண்டும், வெளிப்படையாகக் கேட்கிறான். நீங்கள் எழுத்தில் பதில் கொடுத்து என்னைக் கவிழ்க்கப் பார்த்தீர்கள். பந்தயத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுச் சொல்லுங்கள் என்று நான் எழுதினேனே, அதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா? மூன்று வருஷமாக யாரையும் ஒன்றும் கேட்காமல் பயிர் செய்தவள் நான். முதல் தடவையாக ஒருவரைக் கேட்டேன். அவர் எனக்குப் பொய் சொன்னார்.

ஏழு மாதம் என்று எண்ணிக் காட்டியிருக்கிறீர்கள். எனக்கு மட்டும் எண்ணத் தெரியாதா? என்னைக் கேட்காமல் அந்த வேலையை ஒத்துக்கொண்டு போனது யார்? உங்கள் அப்பா செத்த ஆறாம் மாதம் நிலத்தை என் தலையில் போட்டுவிட்டுப் போனீர்கள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன், இப்போது அது என்னைப் பிடித்துக்கொண்டது. வா என்றால் உடனே வர நான் என்ன பார்சலா?

போன வாரம் ஐந்து நாள் மழை. காற்று வேறு. கஜபதி வயல் முழுக்கப் படுத்துவிட்டது, பாயைச் சுருட்டிப் போட்டமாதிரி கிடக்கிறது. நாலு மூட்டைப் புண்ணாக்கும் சேற்றில். பாவமாகத்தான் இருந்தது. என் வயல் நிற்கிறது. அவனே வந்து, "அண்ணி, உங்க பயிரு மட்டும் எப்டி நின்னுகினு கீது?" என்று கேட்டான். "மொட்டை அடிச்ச புண்ணியம்" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

ஆனால் அதே மழையில் என் வைக்கோல் போர் சரிந்து, நனைந்து, உள்ளே சூடேறி அழுகிவிட்டது. மாட்டுக்குப் போட ஒரு பிரி இல்லை. வெள்ளை மாட்டுக்கு விலா எலும்பு தெரிகிறது. ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம், முன்னே அறுத்து நல்லதுதானே ஆயிற்று, இன்னொரு தடவை அறு என்கிறார்கள். முனியனும் அதையே சொல்கிறான். நீங்கள் ஒருவர் வேண்டாம் என்கிறீர்கள். அவர்கள் யாரும் எனக்குப் பொய் சொன்னதில்லை.

நான் என்ன செய்யப்போகிறேன் என்று எழுத மாட்டேன். நீங்களும் இனி இலையைப் பற்றி எழுத வேண்டாம்.

ரஞ்சிதம்


கோயம்புத்தூர்
14-11-1946

ரஞ்சிதத்துக்கு,

இலையைப் பற்றி எழுதவில்லை.

தங்கவேலுக்குத் தந்தி கொடுத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவன், பொதட்டூர்பேட்டைக்காரன், நம் கல்யாணத்துக்கு லுங்கியோடு வந்து உன் நைனாவிடம் திட்டு வாங்கினானே, அவன்தான். மானாவாரியில் கடலை பிடுங்கிவிட்டான். இரண்டு வண்டி கடலைக்கொடி உன் வீட்டு வாசலில் இறக்கச் சொல்லியிருக்கிறேன். நானும் அவனும் பேசிக்கொள்வோம், நீ ஒன்றும் கேட்காதே. மாட்டுக்குத் தை வரைக்கும் வரும்.

பந்தயத்தை நான் விட்டுவிட்டேன். பத்து மூட்டை விளைந்தாலும் நிலம் உன் கையில்தான். கஜபதிக்கும் அப்படியே கடிதம் எழுதிப் போட்டாயிற்று. இனி நான் உன்னை வா என்று கூப்பிட மாட்டேன். கூப்பிட எனக்கு வாய் இல்லை.

உன்னைக் கேட்காமல் வேலைக்கு ஒத்துக்கொண்டதை இரண்டு வருஷத்தில் இப்போதுதான் நீ வாய்விட்டுச் சொன்னாய். முதல் நாளே சொல்லியிருந்தால் என்று எழுத வந்தேன். நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

கோதண்டம்


கோயம்புத்தூர்
22-12-1946

ரஞ்சிதத்துக்கு,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து கார்டுகூட இல்லை. தங்கவேல் கொடி இறக்கிவிட்டதாக எழுதினான். நீ ஒரு வார்த்தை பேசவில்லை, மோர் மட்டும் கொடுத்தாய் என்றும் எழுதினான். மோர் கொடுத்தாயே, அதுவே எனக்குப் போதும். உடம்பு நன்றாக இருக்கிறதா என்று மட்டும் எழுது.

கோதண்டம்


கே.ஜி.கண்டிகை
8-1-1947

பாவாவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. அறுவடையில் இருந்தேன். எழுத நேரமில்லை என்று சொன்னால் அது பொய், எழுத மனமில்லை. இன்று எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

நவம்பர் பதினேழாம் தேதி காலையில் அரிவாளோடு வயலில் இறங்கினேன், முனியனும் வந்தான். அப்போது உங்கள் கடிதமும் வரவில்லை, தங்கவேல் வண்டியும் வரவில்லை. மாடு பட்டினி. கோபம் வேறு. நீங்கள் வேண்டாம் என்று எழுதியதற்காகவே அறுக்க வேண்டும் என்று இருந்தது. மதகுப் பக்கத்துச் சின்னப் பாத்தியில் ஆரம்பித்தேன். கண்ணாடி இலை அப்போதுதான் விறைப்பாக நின்றுகொண்டிருந்தது. சரசரவென்று அந்தப் பாத்தி முழுக்க அறுத்துவிட்டேன்.

அடுத்த பாத்திக்குக் கால் வைத்தபோது ஒரு யோசனை வந்தது. முதல் தடவை நீங்கள் பொய் சொன்னது நான் தோற்க வேண்டும் என்று. சரி. இரண்டாம் தடவை சொன்னதைக் கேட்டால் என்ன ஆகும்? நான் ஜெயிப்பேன், நீங்கள் தனியாகக் கிடப்பீர்கள். நான் தோற்க வேண்டும் என்று இன்னும் நினைத்திருந்தால் நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான்தான் ஏற்கெனவே அறுக்கப்போகிறேன் என்று எழுதிவிட்டேனே. உங்களுக்கு வேண்டியது தானாக வந்துகொண்டிருந்தது. அதைத் தடுக்க நீங்கள் பொய்யன் என்ற பெயரையும் வாங்கிக்கொண்டீர்கள்.

அரிவாளை வரப்பில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முனியன் பயந்துபோய், "இன்னாம்மா ஆச்சு, பூச்சி கீச்சி கடிச்சிச்சா?" என்றான். "ஆங், கடிச்சிச்சு" என்றேன். மேலே ஒரு இலையும் அறுக்கவில்லை. மாட்டுக்கு அன்றைக்கு வாழைச் சருகும் ஏரி ஓரத்துக் கோரையும் போட்டேன். மறுநாள் மத்தியானம் வண்டி வந்தது. உங்கள் தங்கவேலிடம் நான் பேசவில்லை என்று அவன் கோள் சொல்லியிருக்கிறான். வாயைத் திறந்தால் அழுகை வரும் போல் இருந்தது. அதை அவனுக்கு எழுதிவிடாதீர்கள்.

அந்த மதகுப் பாத்தியைத் தனியாக அறுத்துத் தனியாக அடித்தேன். முறத்தில் போட்டுத் தூற்றினால் பாதிக்கு மேல் காற்றோடு போயிற்று. ஒரு கதிரைப் பிடித்து நெரித்துப் பார்த்தேன், விரலில் உமி மட்டும்தான். ஒரு சாண் தள்ளி, வரப்புக்கு இந்தப் பக்கம், அதே நாற்று, அதே எரு, அதே தண்ணீர், கதிர் தலை தூக்க முடியாமல் தொங்கியது. நீங்கள் நாற்பது குத்தில் பார்த்ததை நானும் பார்த்துவிட்டேன். களத்துக்கு வந்தவர்களை எல்லாம் இரண்டையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். கஜபதி இரண்டு கையிலும் எடுத்து வெகுநேரம் ஊதி ஊதிப் பார்த்தான். அவனுக்கு இந்த வருஷம் ஒன்பது மூட்டைதான் தேறியது. "அண்ணி, எப்ப அறுக்கணும், எப்ப அறுக்கக் கூடாதுன்னு வர்ற சம்பாவுக்கு எனக்கும் சொல்லுவீங்களா?" என்றான். சொல்கிறேன் என்றேன். நிலம் வேண்டும் என்று அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

மொத்தம் இருபத்திரண்டு மூட்டை, ஒன்பது மரக்கால். பதரைச் சேர்க்கவில்லை.

பந்தயத்தை விட்டுவிட்டேன் என்று எழுதினீர்களே, அதற்கு என்னைக் கேட்டீர்களா? இருவர் போட்ட பந்தயத்தை ஒருவர் விடுவது எப்படி? நான் விடவில்லை. ஜெயித்திருக்கிறேன், முறைப்படி ஜெயித்திருக்கிறேன், அதை நீங்கள் எழுத்தில் ஒத்துக்கொள்ள வேண்டும். இனி எனக்குத் தெரியாமல் ஒரு வேலைக்கும் கையெழுத்துப் போடுவதில்லை என்று அதே காகிதத்தில் எழுதுங்கள். ஆபீஸ் காகிதமாக இருந்தால் நல்லது.

பொங்கல் கழிந்து, மாட்டையும் களத்தையும் முனியனிடம் ஒப்படைத்துவிட்டு, பத்தொன்பதாம் தேதி அரக்கோணத்தில் ரயில் ஏறுகிறேன். ஆச்சரியப்பட வேண்டாம். நான் தோற்றிருந்தால் அப்போதும் வந்திருப்பேன், சொன்ன சொல்லுக்காக. வந்து, உங்களுக்குச் சோறு போட்டு, உங்கள் துணியைத் துவைத்து, சாகிற வரைக்கும் உங்களோடு மனது விட்டு ஒரு பேச்சு பேசியிருக்க மாட்டேன். அதுதான் உங்களுக்குக் கிடைக்க இருந்தது, பாவா. ஜெயித்த பிறகு வருவதால் நிறையப் பேசப்போகிறேன்.

மாசிக் கடைசியில் திரும்பிவிடுவேன், உழவு இருக்கிறது. ஆடிக்கு நீங்கள் லீவு போட்டுக்கொண்டு இங்கே வர வேண்டும், நாற்று விடுவதற்கு முன்னால். இடையில் எப்படி என்பதை உட்கார்ந்து பேசி முடிவு செய்வோம், இந்தத் தடவை இரண்டு பேரும்.

எனக்கு உங்கள் மேல் கோபம் தீரவில்லை. கடிதத்தில் போட்ட சண்டை எனக்குப் போதவில்லை, உங்கள் முகத்தைப் பார்த்துப் போட வேண்டும். ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள். புது அரிசி அரை மூட்டை கொண்டுவருகிறேன், என்னால் தூக்க முடியாது.

ரஞ்சிதம்